சங்கு ஊதினால் எங்கே போவது

பதுளையில் போய் இறங்கும்போதே நான் கோபத்தில்தான் இருந்தேன். பயணக் களைப்பு காரணமில்லை. வழி நெடுக மடியில் வைத்துப் படித்துக்கொண்டு வந்த டெண்டர் ஆவணம்தான் காரணம். தலையணை பருமனுக்கு இருந்தது. தகவல் எந்த நாட்டு சர்வரில் சேர வேண்டும், கொழும்பு அலுவலகத்தின் பெரிய திரையில் வரைபடம் என்ன நிறத்தில் தெரிய வேண்டும், கருவிப் பெட்டியின் மேல் கம்பனிச் சின்னம் எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்று பக்கம் பக்கமாக எழுதித் தள்ளியிருந்தார்கள். அந்த மலைக்குக் கீழே ஆட்கள் குடியிருக்கிறார்கள் என்பது ஒரே ஒரு பத்தியில், அதுவும் பின்னிணைப்பில் இருந்தது.

என் பிழைப்பைச் சொல்லிவிடுகிறேன். கோயம்புத்தூரில் இருக்கிறேன். ஆலைகளும் நகராட்சிகளும் தோட்டங்களும் வாங்குகிற இணையக் கருவிகளை, அதாவது தானே அளந்து தானே செய்தி அனுப்பும் உணரிகளை, நேரில் போய்ச் சோதித்து, வேலை செய்கிறது என்று கையெழுத்துப் போடுகிறவள். விற்றவருக்கும் என்னைப் பிடிக்காது, வாங்கியவருக்கும் பிடிக்காது. இந்த முறை இலங்கையில், நமுனுகுல மலைப்பக்கம் ஒரு தேயிலைத் தோட்டம். மண்சரிவு வருமுன் எச்சரிக்கும் ஏற்பாடு ஒன்றைக் கம்பனி வாங்கிப் பொருத்தியிருந்தது. வெளிநாட்டு உதவிப் பணம். நான் கையெழுத்துப் போட்டால்தான் கடைசித் தவணை வரும்.

பதுளை ரயில் நிலையத்தில் சிவநேசன் காத்திருந்தார். கம்பனியின் கொழும்பு அலுவலகத்தில் இந்தத் திட்டத்தைக் கவனிக்கிற அதிகாரி. யாழ்ப்பாணத்துக்காரர். இஸ்திரி கலையாத சட்டை, கையில் ஒரு டேப்லட், அதை மழையிலிருந்து காப்பாற்ற ஒரு தனிக் குடை. தான் நனைந்தாலும் பரவாயில்லை என்று அந்தக் குடையை டேப்லட்டுக்குப் பிடித்தார். எனக்குச் சிரிப்பு வந்தது. நல்ல மனிதர் என்றும் தோன்றியது.

“முதல்ல சாப்பிடுவம், மேடம். மேல போனா ஒண்டும் கிடையாது” என்றார்.

பஸ் நிலையத்துக்கு எதிரே ஒரு கடையில் இடியப்பம், பருப்பு, தேங்காய்ச் சம்பல். எங்கள் ஊரில் இடியாப்பம் என்றால் தேங்காய்ப்பாலும் சர்க்கரையும் தேடுவோம். இங்கே காலையிலேயே நாக்கைச் சுட்டுவிடுகிறார்கள். மூன்றாவது வாயில் எனக்கு அது பிடித்துப்போயிற்று. அந்த நாளில் எனக்குப் பிடித்தது அது ஒன்றுதான்.

கம்பனி வேன் வந்தது. பசறை வழியாக ஏறிக்கொண்டிருந்தோம். நடுவழியில் ஓட்டுநர் பால் கலக்காத பிளேன்டீ குடிக்க நிறுத்தினார். குடித்துவிட்டு வந்து சாவியைத் திருப்பினால் வண்டி உயிர் பிடிக்கவில்லை. எஞ்சினில் கோளாறு இல்லை. கம்பனி எல்லா வண்டிகளிலும் ஒரு கண்காணிப்புக் கருவி பொருத்தியிருக்கிறதாம். அனுமதித்த பாதையை விட்டு வண்டி விலகினால் அது கிளம்ப முடியாதபடி பூட்டிவிடும். வழக்கமான பாதையில் மண் விழுந்ததால் ஓட்டுநர் சுற்றுவழியில் வந்திருந்தார். பூட்டைத் திறக்கக் கொழும்பிலிருந்து ஒருவர் பட்டனை அழுத்த வேண்டும். அவர் சாப்பிடப் போயிருந்தார்.

ஓட்டுநர் சிங்களத்தில் நீளமாக ஏதோ சொன்னார். என்ன சொல்கிறார் என்று சிவநேசனைக் கேட்டேன். அவர் தயங்கி, “இதை வாங்கினவர் ஒருநாளாவது இந்த ரோட்டால வந்திருக்கிறாரோ எண்டு கேக்கிறார்” என்றார். மீதியை மொழிபெயர்க்கவில்லை. நான் பல்லைக் கடித்துக்கொண்டு, வெலிமடையிலிருந்து வந்த லீக்ஸ் காய்கறி மூட்டைகளுக்கு நடுவே ஒரு தனியார் பஸ்ஸில் நின்றபடி மலையேறினேன்.

அடுத்த நாள் காலை தோட்டத்தைப் பார்த்தேன். எங்கள் வால்பாறையில் இருப்பது போலவே பச்சை. ஆனால் இங்கே மலை செங்குத்தாகத் தலைக்கு மேல் நிற்கிறது. அதன் அடிவாரத்தில் லயங்கள், தொழிலாளர் குடியிருக்கும் நீளமான தகரக் கூரை வரிசைகள், ஒற்றை அறையாக ஒரு காம்பராவை ஒட்டி இன்னொரு காம்பரா. லயங்களுக்கும் கீழே ஒரு பள்ளத்தில் பெரட்டுக்களம். காலையில் ஆட்கள் வந்து வரிசையில் நின்று, பேர் கொடுத்து, இன்றைக்கு எந்த மலையில் கொழுந்து என்று கேட்டுக்கொண்டு போகிற இடம். களத்தின் ஓரத்திலேயே புள்ளகாம்பரா, அதாவது தாய்மார் வேலைக்குப் போகையில் பிள்ளைகளை விட்டுப் போகிற கட்டிடம். மண் சரிந்தால் எல்லாம் வந்து சேரப்போவது இந்தப் பள்ளத்துக்குத்தான். பத்திரமான இடம் எதிர்ப்பக்க மேட்டில் இருக்கிற பள்ளிக்கூடம். அப்படித்தான் திட்ட வரைபடத்தில் பச்சை அம்புக்குறி போட்டிருந்தது. அந்த வரைபடம் துரையின் அலுவலகச் சுவரில், கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்கியது. தோட்ட மேலாளரை இங்கே இன்னும் துரை என்றுதான் சொல்கிறார்கள்.

கருவிகள் நல்ல கருவிகள். அதைச் சொல்லத்தான் வேண்டும். மலைச்சரிவில் கம்பங்கள் நட்டு, மண் இம்மி நகர்ந்தாலும் உணர்கிற மாதிரி செய்திருந்தார்கள். ஆனால் அவற்றுக்குச் சூரிய ஒளியில் மின்சாரம். நமுனுகுலவில் மண் சரிகிற மாதங்களில்தான் சூரியனைப் பார்க்கவே முடியாது. இன்னொன்று, மலை அசைந்தால் அந்தச் செய்தி கடல் தாண்டி எங்கோ ஒரு சர்வருக்குப் போய், ஊதலாமா என்று கேட்டு, உத்தரவு வாங்கித் திரும்பி வந்து, கூப்பிடு தூரத்தில் இருக்கிற எச்சரிக்கைச் சங்கை ஊத வேண்டும். கொழும்புத் திரையில் படம் தெரிய வேண்டும் என்று ஆசைப்பட்டவர்கள் போட்ட பாதை அது. பக்கத்து வீட்டில் தீப்பிடித்தால் தாசில்தாருக்கு மனுப்போட்டு வாளி வாங்குகிற கதை.

மேல் லயத்தில், வேலைக்குக் கிளம்புமுன் யோகேஸ்வரியைப் பார்த்தேன். கொழுந்து பறிக்கிறவள், முப்பது வயது இருக்கும். ஒரு கம்பத்தை அவளுடைய அவரைப் பந்தலுக்குள் நட்டிருந்தார்கள். கேட்காமலே நட்டுவிட்டுப் போனார்களாம்.

“ஆடு உரசாம அதுக்கும் சேத்து காவல் காக்குறேங்க” என்றாள். “உள்ள வாங்கம்மா, ரொட்டி சுட்டிருக்கேன்.”

தடித்த தேங்காய் ரொட்டி, கண்ணில் நீர் வரவைக்கும் கட்டச் சம்பல். மகளுக்கு மூன்று வயது. ரொட்டியைப் பிய்த்துத் தேநீரில் முக்கித் தின்றுகொண்டிருந்தது. போன மழைக்காலத்தில் பக்கத்துத் தோட்டத்தில் ஒரு லயம் அப்படியே போனதைப் பற்றி யோகேஸ்வரி சொன்னாள். சொன்னபோது மகளின் தலையைத் தடவிக்கொண்டே இருந்தாள். “இது முன்னாடியே சொல்லிரும்னாங்க. சொல்லுமாங்க?” என்று கம்பத்தைக் காட்டிக் கேட்டாள். சோதித்துப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன்.

முன்னறிவிப்பு இல்லாமல்தான் சோதனை செய்வேன் என்று துரையிடம் முதலிலேயே சொல்லியிருந்தேன். அவர் ஒத்துக்கொண்டு பங்களாவுக்குப் போய்விட்டார். முற்பகலில், எல்லோரும் மலைகளில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தபோது, நானும் சிவநேசனும் பெரட்டுக்களத்தில் நின்றுகொண்டு கருவியைத் தூண்டினோம். தொழிற்சாலைச் சங்கு அலறியது. தனியாக ஒலிப்பான் வாங்கினால் செலவு என்று, ஏற்கெனவே இருந்த சங்கையே கருவியோடு இணைத்திருந்தார்கள். சிக்கனம் என்று ஆவணத்தில் பெருமையாக எழுதியும் இருந்தார்கள்.

மலைகளில் தலைகள் நிமிர்ந்தன. பிறகு எல்லோரும் இறங்க ஆரம்பித்தார்கள். கூடை முதுகில் ஆட ஆட, எதிர்ச்சரிவில் பத்திரமாக இருந்தவர்களும், பள்ளிக்கூட மேட்டுக்குப் பக்கத்திலேயே நின்றவர்களும், ஒருவர் மிச்சமில்லாமல், வேகவேகமாகப் பள்ளத்துக்கு வந்தார்கள். வந்து வரிசையில் நின்றார்கள். நான் நின்றுகொண்டிருந்த அதே இடத்தில், அந்தச் செங்குத்து மலைக்கு நேர் கீழே.

சிவநேசன் டேப்லட்டிலிருந்து முகத்தை நிமிர்த்தினார். முகமெல்லாம் சந்தோஷம்.

“பாத்தீங்களே, மேடம்! சனம் முழுக்க வந்திட்டுது. ஒருத்தரும் பிந்தேல்ல.”

“எங்கே வந்திருக்கிறார்கள் என்று பார்த்தீர்களா?” என்றேன்.

அவர் மலையைப் பார்த்தார், களத்தைப் பார்த்தார், டேப்லட்டைப் பார்த்தார். டேப்லட்டில் எல்லாம் பச்சையாக இருந்தது.

யோகேஸ்வரி முன்வரிசையில் நின்றாள். ஏன் இங்கே வந்தீர்கள் என்று கேட்டேன். கேள்வியே அவளுக்கு விநோதமாக இருந்தது. “சங்கு ஊதுனா பெரட்டுக்குத்தானங்க வரணும்? யாருக்காச்சும் அடிபட்டாலும், தீப்பிடிச்சாலும், துரை ஏதாச்சும் சொல்லணும்னாலும் இங்கதான் வருவோம்.” பக்கத்தில் நின்றவர்கள் ஆமாங்க என்றார்கள். தோட்டம் தொடங்கிய காலத்திலிருந்து அந்தச் சத்தத்துக்கு அங்கே ஒரே அர்த்தம்தான். எங்கள் கோயம்புத்தூரிலும் மில் சங்கு ஊதினால் கால் தானாக மில் பக்கம் திரும்பும். அந்தச் சத்தத்தைப் பிடித்துத்தான் ஓடிப் போ என்று சொல்ல இவர்கள் ஏற்பாடு செய்திருக்கிறார்கள்.

அன்று மத்தியானம் சிவநேசனோடு நான் போட்ட சண்டை இரண்டு மலைக்குக் கேட்டிருக்கும்.

“இது ஆளைக் காப்பாற்றுகிற கருவி இல்லை. மண் விழுகிற இடத்துக்கு ஆளைக் கூப்பிட்டுக் கொடுக்கிற கருவி” என்றேன். “வாங்குவதற்கு முன்னால் ஒரே ஒரு நாள் இங்கே வந்து, சங்கு ஊதினால் என்ன செய்வீர்கள் என்று ஒரே ஒரு ஆளைக் கேட்டிருக்கக் கூடாதா?”

“சனத்துக்குப் பயிற்சி குடுக்கிறதுக்கு முதல்ல திட்டத்தில இடம் இருந்தது, மேடம். விலை கூடிப்போச்சுதெண்டு அதைத்தான் வெட்டினவை.”

“திரையை வெட்டவில்லையா?”

“திரையை எப்பிடி வெட்டுறது? அது கம்பனியின்ர பெரிய பணிப்பாளர்மார் பாக்கிறது.”

சொல்லிவிட்டு அவரே கூசிப்போனார். கம்பனிகள் கருவி வாங்குகிற விதத்தைப் பற்றி நான் கருத்தரங்குகளில் கத்தியிருக்கிறேன், கட்டுரை எழுதியிருக்கிறேன். என்ன அளக்கப்போகிறோம் என்று கேட்டுவிட்டு வாங்கப் போகிறார்கள். அளந்து தெரிந்த பிறகு யார் என்ன செய்யப்போகிறார், செய்ய விடுவோமா என்று கேட்பதில்லை. அதைக் கேட்காமல் வாங்குகிற எந்த உணரியும் அலமாரிப் பொம்மைதான். இந்தப் பொம்மை ஆளையும் கொல்லும்.

சங்கின் இணைப்பை உடனே துண்டியுங்கள், வேறு சத்தம், வேறு வழி யோசித்த பிறகு பார்ப்போம் என்றேன். சிவநேசன் கொழும்புக்குப் பேசினார். ஒப்பந்தத்தில் மாற்றம் என்றால் குழு கூட வேண்டும், குழு அடுத்த மாதம்தான் கூடும் என்று பதில் வந்தது. “என்னால ஏலாது, மேடம். துண்டிச்சா என்ர வேலை போயிடும்” என்றார். அவர் குரலில் பொய் இல்லை. எனக்கு அவர் மேல் இருந்த கோபம் கொஞ்சம் இறங்கி, அவருக்கு மேலே இருக்கிறவர்கள் மேல் ஏறியது.

மூன்றாம் நாள் விடியும்போதே மழை. இந்த ஊவாப் பகுதியின் மழைக்குத் தூறல், சாரல் என்ற படிகள் எல்லாம் கிடையாது போலிருக்கிறது. தண்ணீர் அப்படியே இறங்குகிறது. அந்த மழையிலும் பெண்கள் இடுப்பில் தண்ணீர் புகாத படங்குச் சாக்கைக் கட்டிக்கொண்டு கொழுந்துக்குப் போனார்கள். துரை ஏதோ கூட்டத்துக்காகப் பதுளைக்குப் போயிருந்தார். நானும் சிவநேசனும் தொழிற்சாலைத் தாழ்வாரத்தில் கையில் பிளேன்டீயோடு உட்கார்ந்திருந்தோம்.

சங்கு ஊதியது. நான் சிவநேசனைப் பார்த்தேன். அவர் டேப்லட்டைத் தொடவே இல்லை.

“இது நாங்கள் செய்தது இல்லை, மேடம்” என்றார். முகம் வெளுத்துவிட்டது.

குடையையும் டேப்லட்டையும் போட்ட இடத்தில் போட்டுவிட்டு ஓடினோம். களத்துக்குப் போய்ச் சேரும்போது பாதி வரிசை சேர்ந்துவிட்டது. மற்றவர்கள் மழைக்குள் இறங்கி வந்துகொண்டிருந்தார்கள். யோகேஸ்வரி நேராகப் புள்ளகாம்பராவுக்கு ஓடி மகளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, அப்படியே வந்து வரிசையில் நின்றாள். மேலே லயத்துக்குப் பின்னால் செம்மண் தண்ணீர் கால்வாய் மாதிரி பாய்ந்துகொண்டிருந்தது.

“மேலே போங்க! பள்ளிக்கூடத்துக்குப் போங்க! மலை விழப்போகுது!” என்று கத்தினேன். எல்லோரும் மலையைத் திரும்பிப் பார்த்தார்கள். யாரும் நகரவில்லை. யோகேஸ்வரியின் தோளைப் பிடித்து உலுக்கினேன்.

“தெரியுதுங்கம்மா” என்றாள். அழுகிற குரல். “துரை சொல்லாம வேலைய விட்டுப் போனா அரைப்பேர் ஆயிருங்க.”

பேர் என்றால் ஒரு நாள் வேலை. அரைப்பேர் என்றால் அரை நாள் கூலி. வேலை நேரத்தில் உத்தரவில்லாமல் போனால் அன்றைய பேர் பாதியாகும். அது அங்கே பாலர் பாடம். மலை தலைக்கு மேல் நகர்கிறது, அவள் அரைநாள் கூலியை நினைக்கிறாள் என்று யாராவது இதைப் படித்துவிட்டுச் சிரித்தால், அவர்களை ஒரு மாதம் அந்தக் கூலியில் குடித்தனம் நடத்தச் சொல்வேன். மலை விழலாம், விழாமலும் போகலாம். அரைப்பேர் நிச்சயம் விழும்.

ஆட்களுக்குப் பேர் போடுகிற கணக்கப்பிள்ளை ஒரு ஓரத்தில் நின்று துரைக்குப் போன் போட்டுக்கொண்டே இருந்தார். துரை கூட்டத்தில் போனை அணைத்து வைத்திருந்தார். “நான் எப்படிங்க சொல்றது?” என்று என்னையே திருப்பிக் கேட்டார்.

அப்போதுதான் சிவநேசன் வரிசைக்கு முன்னால் போய் நின்றார். சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது. தொண்டை கிழியக் கத்தினார்.

“எல்லாருக்கும் முழுப்பேர்! கம்பனி சொல்லுது! நான் கொழும்பில இருந்து வந்தனான், நான் சொல்லுறன், எல்லாருக்கும் முழுப்பேர்! போங்கோ மேல!”

வரிசை உடைந்தது. புள்ளகாம்பராவிலிருந்த பிள்ளைகளை ஆளுக்கொன்றாகத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஏறினார்கள். ஒரு பையன் என் கழுத்தைப் பிடித்துக்கொண்டு ஏறும் வரைக்கும் என் காதில் அழுதான். அவனைப் பள்ளிக்கூட வாசலில் இறக்கிவிட்டேன். யோகேஸ்வரி மகளின் தலையை முந்தானையால் துவட்டிக்கொண்டே, “அந்த ஐயா நல்லா இருக்கணும்” என்றாள்.

மத்தியானம் மழை விட்டது. மலை விழவில்லை. யோகேஸ்வரியின் அவரைப் பந்தலுக்கு மேலே ஒரு பிளவு திறந்திருந்தது. என் கை உள்ளே போகிற அகலம். கம்பம் சாய்ந்து நின்றது. கருவி பொய் சொல்லவில்லை. நான் அதைப் படம் பிடித்துக்கொண்டேன். துரை சாயங்காலம் வந்து பார்த்துவிட்டு, பெரிதாக ஒன்றும் இல்லையே என்றார்.

நான்காம் நாள் பதுளை ரயில் நிலையம். சிவநேசனும் என்னோடு கொழும்புக்கு வருவதாக இருந்தார். அவருக்குப் பசி. பொட்டலத்தில் மீன் அடைத்த இரண்டு பனிஸ் ரொட்டி வாங்கி வந்து, நான் மீன் சாப்பிடமாட்டேன் என்றதும் இரண்டையும் அவரே தின்றார். ஆளே மாறிப் போயிருந்தார். முன்தினத்தைப் பற்றியே பேசினார். தன் மனைவியிடம் போனில் மூன்று தடவை சொல்லிவிட்டார். எனக்கும் மனது லேசாகத்தான் இருந்தது. சங்கை மாற்றச் சொல்லி, மாற்றினால்தான் கையெழுத்து என்று எழுதி அனுப்பியிருந்தேன்.

என் போன் அடித்தது. யோகேஸ்வரி. தோட்டத்தை விட்டுக் கிளம்புகையில் எண்ணைக் கொடுத்துவிட்டு வந்திருந்தேன்.

“கோவிச்சுக்காதீங்கம்மா. உங்ககிட்ட சொல்லிரலாம்னுதான் எடுத்தேன்” என்றாள். “நேத்து மேல போனவங்க எல்லாருக்கும் அரைப்பேருதான் போட்டிருக்காங்க. மலை விழலியாம்ல. சும்மா போனதா கணக்காம். இனிமே ஊதுனா நாங்க பெரட்டுலயே நின்னுக்கிறோங்க. அந்த ஐயாகிட்ட சொல்ல வேணாம், பாவம்.”

போனில் அவள் குரல் பக்கத்தில் இருந்தவருக்கும் கேட்டது. சிவநேசன் பனிஸ் காகிதத்தைக் கசக்கிக்கொண்டே இருந்தார். “நான் எல்லாருக்கும் முழுப்பேர் எண்டு சொன்னனான்” என்றார். “ஆரும் என்னட்டை ஒரு வார்த்தை கேக்கேல்ல.” அவர் கண் கலங்கியதை நான் பார்க்காதது போல் தண்டவாளத்தைப் பார்த்தேன்.

கொழும்பில் இந்தத் திட்டத்துக்கு மேல் இருக்கிற பெரிய அதிகாரியை அழைத்தேன். மரியாதையான மனிதர். ஆங்கிலத்தில்தான் பேசினார். நான் கத்தினேன். பிளாட்பாரத்தில் ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுக் கேள்விகள் கேட்டார். மண் அசைந்ததைக் கருவி கண்டதா? கண்டது. சங்கு ஊதியதா? ஊதியது. ஆட்கள் மேட்டுக்குப் போனார்களா? போனார்கள். அப்படியென்றால் எல்லாமே வேலை செய்திருக்கிறதே, கையெழுத்துப் போட என்ன தடை என்றார். சம்பளம் வேறு பிரிவு, அதில் தான் தலையிட முடியாது என்றார்.

“நேற்று போனதற்குக் கூலியைப் பிடித்துவிட்டீர்கள். அடுத்த முறை அவர்கள் அந்த மலைக்குக் கீழேயே நிற்பார்கள், பிள்ளைகளோடு. போகமாட்டார்கள்” என்றேன்.

“ஆட்களைப் போகவைக்க ஏதாவது கருவி இருக்கிறதா, மேடம்?” என்று கேட்டார். “இருந்தால் விவரம் அனுப்புங்கள். வாங்கிவிடலாம்.”

அவர் கிண்டல் செய்யவில்லை. உண்மையாகவே கேட்டார்.